பலகையின் மறுமுனை

பதினெட்டடிப் பலகையை ஒற்றை ஆள் தனியாகச் சுவரில் அடிக்க முடியாது. கல்யாணமாகி இரண்டு வருஷம் வரை இந்த விஷயம் எனக்குத் தெரியாது. தச்சனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று பேர்தான். அவர் பினாங்குத் துறைமுகத்துப் பட்டறையில் பெட்டி அடிப்பார், படகுக்குத் தட்டுப் போடுவார், பொழுது சாய்ந்ததும் உடம்பெல்லாம் மரத்தூளோடு வருவார். நான் சட்டையை வாங்கி உதறிப் போடுவேன். அவர் தொழிலுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அதோடு சரி. ஒருவர் ஒரு முனையைத் தாங்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் மறுமுனையில் ஆணி அடிக்கலாம் என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். மறுமுனையை இப்போது யார் பிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

பிடித்தது அவருடைய மாமன் மகள்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வெறும் வாயாடி என்று நினைப்பீர்கள். அவளை இவருக்குத்தான் கட்டுவது என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். மாமன் மகளைக் கட்ட வேண்டுமானால் கோயிலில் உத்தரவு வேண்டும். அப்போதிருந்த சாமியார் கண்டிப்பானவர், மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, எழுதிக் கேட்காமல் கல்யாண ஓலை வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். கடிதம் போயிற்று. பதில் வருவதற்குள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் பெண் கேட்டு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மாதச் சம்பளம், பேனா பிடிக்கிற கை. மாமன்காரர் தச்சனை விட்டுவிட்டுக் கிராணிக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டார். அதற்கு ஆறேழு வருஷம் கழித்துத்தான் இவர் வீட்டார் அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த என்னைத் தேடி வந்தது. நான் அசல். எந்த வழியிலும் சொந்தமில்லை.

எனக்கு உறுத்தியது இதுதான். அந்த இரண்டு பேரும் சண்டை போட்டுப் பிரியவில்லை, மனம் கசந்து பிரியவில்லை. ஒரு தபால் தாமதமானதால் பிரிந்தவர்கள். தபால் நேரத்துக்கு வந்திருந்தால் நான் இன்னும் தோட்டத்தில் பால் வாளி தூக்கிக்கொண்டிருப்பேன். இதை எத்தனை தடவை யோசித்தேன் என்று கணக்கில்லை. அவள் அவரை "அத்தான்" என்று கூப்பிடுவாள். உரிமையோடு, வாய் நிறையக் கூப்பிடுவாள். எனக்கு "என்னங்க"தான். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். டிராம் வண்டி ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த காலம். அங்கே சந்தைக்குப் பின்னால், பினாங்கு மலை தலைக்கு மேலே தெரிகிற மாதிரி ஒரு மனையைக் கிராணி தரை வாடகைக்கு எடுத்தார். தரை ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்போம்; மேலே கட்டுகிற வீடு கிராணியுடையது. தூணும் கூரையும் சீன ஆட்கள் போட்டு முடித்துவிட்டார்கள். கிராணி குடும்பம் பின்பக்கம் தட்டி கட்டிக் குடிவந்துவிட்டது, வெளிச்சுவருக்குப் பலகை அடிப்பதுதான் பாக்கி. அதற்குத்தான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

அவர் பல்லை இளித்துக்கொண்டு ஓடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தத் தவுக்கே அதே தெருவில் ஆறு பலகை வீடுகள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடப்போகிறார். கிராணி அவரிடம் நல்லபடியாகச் சொல்லி வைத்திருந்தார். தமிழ்த் தச்சன் ஒருவன் இருக்கிறான், அவன் வேலையை என் வீட்டுச் சுவரில் வந்து பாருங்கள், பிடித்திருந்தால் ஆறு வீட்டையும் அவன் கையில் கொடுங்கள் என்று. சாதாரண விஷயமா? அந்தக் காலத்தில் ஊரில் வீட்டு வேலை முழுக்கச் சீனர்கள் கையில். நம் ஆள் பெட்டி அடிக்கலாம், கப்பலில் உடைந்ததை ஒட்டுப்போடலாம். தனியாக ஒரு வேலையை ஏற்று, நாலு பேரை வைத்து, "மேஸ்திரி" என்று கூப்பிடும்படி நிற்பது அவருடைய நெடுநாள் ஆசை. படுக்கும்போதுகூட அதைப் பற்றித்தான் பேசுவார். அந்த ஒரு சுவருக்காகப் பட்டறையில் சம்பளமில்லாத லீவு போட்டார்.

முதல் நாலு நாள் அவர் போனார், வந்தார். ஐந்தாம் நாள்தான் அந்தச் சாப்பாட்டுப் பேச்சு. கிராணி ஆபீசுக்குப் போய்விடுகிறார், பிள்ளைகள் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்குப் போய்விடுகின்றன, கூலி ஆளும் அமையவில்லை, அதனால் மாமன் மகளே ஏணியில் ஏறிப் பலகையைப் பிடிக்கிறாளாம். சொல்லிவிட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, சர்வ சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார்.

"அவ புடிச்சா ஆடாது."

இது ஒரு வார்த்தையா என்று கேட்பீர்கள். அன்றைக்கு நான் பாத்திரம் கழுவிய சத்தத்தைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மறுநாள் விடிந்ததும் சோறு பொங்கி, தூக்குச் சட்டியில் கட்டி, அவர் போன அடுத்த டிராமிலேயே நானும் ஏறிவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்சுவர் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. பொறாமைக்காரிதான் நான், ஆனாலும் கண் அவிந்தவள் இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது. அடியிலிருந்து மேலே, ஒரு பலகையின் தலையை அடுத்த பலகையின் கால் மூடிக்கொண்டு, மீன் செதில் மாதிரி. ஒவ்வொரு கோடும் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நேராகப் போயிற்று. மழைத் தண்ணீர் ஒரு பலகையிலிருந்து அடுத்ததில் வழிந்து மண்ணில் இறங்கிவிடும், உள்ளே ஒரு சொட்டுப் போகாது. நாங்கள் அப்போது துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணி முகத்தில் படும்.

அவள் ஏணியில் நின்றாள். என்னைவிட ஒரு சாண் உயரம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள், அச்சு அசல் அவர் நிற்கிற மாதிரி. அவர் கை நீட்டும் முன்பே ஆணியை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, இவளும் ஒன்றும் பேசவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். பேசாமலே வேலை நடந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பக்கச் சுவருக்கு நான் பிடிக்கிறேன் என்றேன். அவர் திகைத்துப்போனார். உனக்கு ஏன் இந்த வேலை, தோள் பிடுங்கும், வெயில் வேறு என்றார். அக்காவுக்கு வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும், நான் சும்மாதானே இருக்கிறேன் என்று தேன் ஒழுகப் பேசினேன். வாய்க்கு அவள் அக்கா. மனசுக்கு என்ன என்று இங்கே எழுத முடியாது. அவள் இறங்கி வந்து சிரித்துக்கொண்டே இடத்தை விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்தவள் சும்மா போகக் கூடாதா? பலகையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளங்கையால் தாங்கு தங்கச்சி, விரலால் பிடிக்காதே, நழுவும் என்றாள். என் புருஷன் பலகையைப் பிடிக்க எனக்கு அவள் பாடம்.

வேலை முறையைச் சொன்னால்தான் அப்புறம் நான் செய்தது விளங்கும். ஒவ்வொரு பலகையும் கீழ்ப்பலகையை எவ்வளவு மூட வேண்டும் என்பதற்கு இரண்டு அளவுக்குச்சி அறுத்து வைத்திருந்தார். ஆளுக்கு ஒன்று. ஒரு சாணுக்குக் குறைவான சின்னக் கட்டை, கீழே மட்டும் ஒரு கொக்கி. கொக்கியைக் கீழ்ப்பலகையின் அடி விளிம்பில் மாட்டினால், குச்சியின் தலைமேல் அடுத்த பலகை உட்காரும். அவர் முனைக்கு அவர் குச்சி, என் முனைக்கு என் குச்சி. இரண்டும் ஒரே அளவாக இருக்கும்வரை கோடு தானாக நேராகப் போகும். முதல் பலகைக்கு மட்டும் நூல் கட்டி மட்டம் பார்ப்பார். மிச்சமெல்லாம் குச்சியை நம்பித்தான்.

நான் நின்றது தெருப்பக்க மூலையில், அவர் பின்மூலையில். அவர் தம் முனையில் ஆணி இறக்கிவிட்டு என் பக்கம் வந்து என் முனையை அடிப்பார், மறுபடி போவார். தோள் பிடுங்கியது உண்மைதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், அதை அவரிடம்கூட ஒருநாளும் சொன்னதில்லை. அவர் அந்தக் கோடியில் சுத்தியலால் அடிக்கும்போது, அந்த அடி பலகை வழியாக ஓடிவந்து என் உள்ளங்கையில் இறங்கும். ஒவ்வொரு அடியும். பதினெட்டடிக்கு அப்பால் அவர் கை எப்போது ஓங்குகிறது, எப்போது விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே எனக்குத் தெரிந்தது. முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில்தான் புத்தியில் உறைத்தது. இதே அடியைத்தானே ஆறு நாளாக அவள் கையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்றாம் நாள்தான் எல்லாம் கெட்டது. மத்தியானம் நான் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்தேன். காலையில் பொங்கிய சோறு, டிராமில் குலுங்கி, ஆறிப்போய்க் கட்டியாக இருந்தது. அவள் உள்ளேயிருந்து கெம்போங் மீன் குழம்பும் ஆவி பறக்கிற சோறும் கொண்டுவந்து வைத்தாள். அவர் இரண்டையும் பார்த்தார். சூடாக இருக்கிறதே என்று அவளுடையதைச் சாப்பிட்டார். நான் கொண்டுவந்ததைச் சாயங்காலம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். அதோடு போயிருந்தாலும் மென்று விழுங்கியிருப்பேன். அவர் கை கழுவி வந்ததும் அவள் ஒரு துணிப் பையை நீட்டினாள். கிராணியின் பழைய கால்சட்டைத் துணியில் தைத்து, இடுப்பில் கட்ட நாடா வைத்த ஆணிப் பை. சட்டைப் பையில் போட்டுப் போட்டுக் கிழிந்துபோகிறது அத்தான், இதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் கட்டிக்கொண்டார். கச்சிதமாகப் பொருந்தியது. அந்தச் சட்டைப் பைகளை இரண்டு வருஷமாக ஒட்டுப்போட்டவள் நான். ஒரு பை தைத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். அவளுக்குத் தோன்றிவிட்டதே என்ற எரிச்சல் மறுபக்கம்.

அவர் வேலிப்பக்கம் சற்றுச் சாய்ந்து கண்ணை மூடினார். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவருடைய சாணைக்கல் கருவிப் பெட்டியின் மேல் கிடந்தது. என் மடியில் என் அளவுக்குச்சி இருந்தது. குச்சியின் தலையைக் கல்லில் வைத்துத் தேய்த்தேன். கொஞ்சம்தான். ஒரு நூல் அளவு இருக்கும். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒன்று.

என்ன நினைத்துச் செய்தாய் என்று கேட்டால், உள்ளதைச் சொல்கிறேன். அவள் வீட்டுச் சுவர் கோணலாக இருக்க வேண்டும். தினமும் வாசலில் இறங்கும்போது அவள் கண்ணில் அந்தக் கோணல் பட வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அந்தக் கோணல் யார் கையால் வரும், யார் பேருக்கு வரும் என்று அந்த நேரத்தில் ஒரு துளி நினைக்கவில்லை. தவுக்கேயும் ஆறு வீடும் என் தலையில் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஆணிப் பைதான் தொங்கிக்கொண்டிருந்தது. பொறாமைக்கு மூளை அவ்வளவுதான்.

ஒரு பலகைக்கு ஒரு நூல் இறங்கினால் யாருக்கும் தெரியாது. அவர் என் முனைக்கு வந்து, முகத்துக்கு நேரே நின்று அடித்தபோதுகூடத் தெரியவில்லை. மூலையில் கையகலத்துக்குச் செங்குத்தாக ஒரு பலகை நின்றதால் முன்சுவர்க் கோடும் பக்கச் சுவர்க் கோடும் அருகருகே கண்ணில் படவில்லை. தள்ளி நின்று பார்க்கலாம் என்றால் சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற இடம், அதிலும் வாழைமரங்கள் அடர்ந்து கிடந்தன. மழை வேறு இரண்டு நாள் அரை அரை நாளாக வேலையைக் கெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தவுக்கே வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டதால் அவர் வேகம் வேகமாக அடித்தார். பதினாறு பலகை ஏறியது, பக்கச் சுவர் ஜன்னல் தலைக்கு மேலே போயிற்று. நான் உள்ளங்கையால்தான் தாங்கினேன், விரலால் பிடிக்கவில்லை. ஒரு பலகையும் நழுவவில்லை.

நடுவில் ஒரு தடவை மனசு அடித்துக்கொண்டது. குச்சியைத் தொலைத்துவிட்டேன், புதிதாக அறுத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அவள் உள்ளேயிருந்து, அத்தானுக்குக் கோப்பியில் சீனி கம்மிதானே என்று கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் இரண்டு பேரும் டிராமில் போனோம். அவர் கஞ்சி போட்ட சட்டை போட்டிருந்தார். கிராணி எங்களை முந்திக்கொண்டு வீடு போய், தவுக்கேக்குச் சுவர் நன்றாகத் தெரியட்டும் என்று வேலியோரத்து வாழைகளை வெட்டிச் சாய்த்திருந்தார். நாங்கள் தெருமுனையில் திரும்பியபோது வீடு முழுசாகத் தெரிந்தது, முன்சுவரும் பக்கச் சுவரும் ஒரே பார்வையில்.

அவர் நின்றுவிட்டார். நானும் பார்த்தேன். முன்சுவர்க் கோடுகள் வரைந்துவைத்தாற்போல் நேராக வந்து மூலையில் நின்றன. பக்கச் சுவரில் அடியில் கொஞ்சம் கோடுகள் அவற்றோடு சேர்ந்து போயின. அதற்கு மேலே ஒவ்வொன்றாகத் தாழ்ந்து, உச்சியில் இரண்டு அங்குலம் இறங்கி, அந்தப் பக்கமே ஆளைத் தள்ளுவது போலச் சரிந்து கிடந்தது. அவள் பிடித்த சுவர் நேர். நான் பிடித்த சுவர் கோணல். குழந்தைகூடச் சொல்லிவிடும். அவள் வீட்டைக் கெடுக்கத்தான் செய்தேன், கடைசியில் ஊர் ஒப்பிட்டுப் பார்க்க நின்றது அவள் கையும் என் கையும்தான்.

தவுக்கே ரிக்‌ஷாவிலிருந்து இறங்கவே இல்லை. குடையை மடக்காமல் பார்த்தார். ஒரு கையை நீட்டி, அதைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார். கிராணியிடம் மலாயில் மரியாதையாக ஏதோ சொன்னார். மழைக்காலம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொன்னாராம். ரிக்‌ஷா திரும்பிப் போய்விட்டது.

கிராணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. என்ன தம்பி இப்படிப் பண்ணிவிட்டாய் என்றார். இவர் பதில் சொல்லும் முன்பே அவள் படியில் நின்றபடி பேசினாள். பேசியது தன் புருஷனிடம், பார்த்தது என்னை.

"அத்தான் கைக்குக் கோடு தப்பாது."

அதற்குமேல் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டைக்காவது போயிருப்பேன். அவர் கருவிப் பெட்டியைத் திறந்து இரண்டு குச்சிகளையும் எடுத்தார். ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தார். என் குச்சியின் தலையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, என் தப்புதான் அண்ணே, குச்சியைச் சரியாக அறுக்கவில்லை, அவசரத்தில் ஒத்துப்பார்க்கவும் இல்லை என்றார். சுவரைப் பிரித்து மறுபடி அடித்துத் தருகிறேன் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் அவரை நம்பினேன். அதாவது, அவர் அப்படித்தான் நினைக்கிறார் என்று நம்பினேன். நம்புவதுதான் எனக்குச் சௌகரியம்.

அடுத்த வாரம் அவர் தனியாகப் போனார். நீ வீட்டிலிரு, உனக்குத் தோள் வலி என்றார். எனக்குத் தோள் வலி இருந்ததாக நான் சொல்லவே இல்லை. ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டை விழுந்த பலகைகளைத் தள்ளி, புதுப் பலகை ஏற்றினார். மறுமுனையை யார் பிடித்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து வெறும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் வயிறு எரிந்த நாட்கள் நிறைய. அந்த ஐந்து நாளுக்கு ஈடு கிடையாது.

ஆறு வீட்டையும் சீன ஆட்கள் கட்டினார்கள். அவர் பட்டறைக்கே திரும்பிப் போனார். மேஸ்திரி என்று அவரை யாரும் கூப்பிடவில்லை, கடைசி வரைக்கும். கூப்பிடுவார்கள் என்று அவரும் அப்புறம் பேசவில்லை. நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அதுவும் பொறாமைப்பட்டேன் சாமி என்று பொத்தாம் பொதுவாக. அவர் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையும் சொல்லச் சொன்னார், சொன்னேன். குச்சியைத் தேய்த்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போய் உன் புருஷனிடம் சொல் என்பார் என்று எனக்குத் தெரியும்.

ஏழெட்டு வருஷம் கழித்து எங்களுக்கும் ஒரு மனை கிடைத்தது, ஆயர் ஈத்தாம் போகிற வழியில். அவளுடையதைப் போல முன்பக்கம் மலை தெரியாது. எனக்கென்ன, அது என் வீடு. தூணும் கூரையும் அவரே இரண்டு ஆட்களை வைத்துப் போட்டு, அவர்களை அனுப்பிவிட்டார். பிறகு மெராந்திப் பலகை வந்து இறங்கியது, நல்ல நீளப் பலகை. வண்டியிலிருந்து இறக்கும்போதே எண்ணிப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் நான்தான் மறுமுனை பிடிக்கப் போகிறேன் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். அந்த அடி திரும்பவும் என் கைக்கு வரும் என்று நினைத்தபோது எனக்குச் சின்னப் பெண் மாதிரி நெஞ்சு துடித்தது. ஆணிப் பை ஒன்று தைத்து வைத்திருந்தேன், கெட்டித் துணியில், இரட்டைத் தையல் போட்டு.

மறுநாள் சமையலை முடித்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். அவர் முந்திக்கொண்டிருந்தார். எல்லாப் பலகையையும் சரிபாதியாக அறுத்து அடுக்கியிருந்தார். ஒரே ஆள் ஒரு கையால் தாங்கி மறு கையால் அடிக்கலாம், அந்த நீளம். இரண்டு வரிசை ஏற்கெனவே ஏறியிருந்தது.

ஏன் அறுத்தீர்கள், நான் பிடித்திருக்க மாட்டேனா என்று கேட்டேன். சிரமம் வேண்டாம் என்றுதான் என்றார். நான் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ரம்பத்துல அறுத்த மரத்துக்கும் கல்லுல தேய்ச்ச மரத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

அவர் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நான் அறுத்த பலகை அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் தெரிந்திருந்தும் ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவே. அப்புறம் நா உன்னோட எப்படி இருக்கிறது?"

அவர் என் கையிலிருந்த ஆணிப் பையை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். நன்றாகத் தைத்திருக்கிறாய் என்று உண்மையாகவே சொன்னார். பிறகு ஒரு பாதிப் பலகையை எடுத்துத் தானே தாங்கி, தானே அடித்தார். சாயங்காலம் வரைக்கும் நான் பக்கத்தில் நின்றேன், பிடி என்று அவர் சொல்லவில்லை.

அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். நாலு சுவரிலும் சரியாக நடுவில், அடியிலிருந்து கூரை வரைக்கும் ஒரு ஒட்டு ஓடுகிறது. இவ்வளவு நேர்த்தியாக அடித்தவர் முழுப் பலகை போட்டிருக்கலாமே என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அந்த வருஷம் நீளப் பலகை கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.